மூழ்கிய கப்பலின் பெயரும் கையளிக்கப்படாத பட்டியலும்

மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில், ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், ஒரு விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அதன் பெயர் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதலாவது கப்பல் அது. திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கப்போகின்றன என்ற எச்சரிக்கை கிடைத்ததால், 1942 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு அது துறைமுகத்தை விட்டுத் தெற்கு நோக்கி வந்தது. தன்னைக் காக்கப் பறக்கக்கூடிய ஒரு விமானமும் அதில் இருக்கவில்லை. மறுநாள் ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடித்துக் குண்டு வீசி மூழ்கடித்தன. 307 பேர் இறந்தனர். கூடவே வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வாம்பயரும் மூழ்கியது.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, களுதாவளையில், வெற்றிலைத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் இடையில் அதிக தூரமில்லை. 'ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம்' என்று வயதானவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அது ஒரு காலக்கணக்கு. பிள்ளை பிறந்த ஆண்டையும் புயல் அடித்த ஆண்டையும் அதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். கப்பலின் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் பிரித்தானியா அந்தப் பெயரை மறக்கவில்லை. இறந்த 307 பேரின் பெயர்களையும் மறக்கவில்லை. கடல் விழுங்கிய அந்த மாலுமிகளின் பெயர்கள் பிளிமத் உள்ளிட்ட பிரித்தானியத் துறைமுக நகரங்களின் நினைவுத் தூண்களில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

ஒரு கப்பலின் பெயரை இவ்வளவு கவனமாகக் காக்கும் அரசுகள், மனிதர்களின் பெயர்ப்பட்டியலை எப்போது காக்கின்றன, எப்போது மறைக்கின்றன? போர்க்கப்பல்களுக்குப் பெயர் வைக்கும் மரபையும், அணுசக்தியில் இயங்கும் கப்பல்களுக்குள் மனிதர் வாழும் வாழ்க்கையையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கப்பல் போனாலும் பெயர் போகாது

கடற்படைகளில் பெயர் ஒரு சொத்து. பிரித்தானியக் கடற்படையில் ஒரு கப்பல் வென்ற சமர்களின் சிறப்புகள் அந்த இரும்புக் கூட்டுக்கு உரியவை அல்ல, பெயருக்கு உரியவை. கப்பல் மூழ்கினாலும் உடைக்கப்பட்டாலும், அதே பெயரோடு அடுத்து வரும் கப்பல் அவற்றை வாரிசாகப் பெறும்.

ஹேர்மிஸுக்கும் அதுதான் நடந்தது. எங்கள் கடலில் அது மூழ்கியபின், 1959இல் வேறொரு விமானந்தாங்கி அதே பெயரோடு சேவைக்கு வந்தது. 1982 போக்லண்ட் போரில் அதுவே தலைமைக் கப்பல். பின்னர் அது இந்தியாவுக்கு விற்கப்பட்டு, 1987 மே மாதத்தில் ஐ.என்.எஸ். விராட் என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. இரண்டே மாதங்களில் இந்திய அமைதிப்படை எங்கள் ஊர்களுக்கு வந்தது. 1989 ஜூலையில் இலங்கை தொடர்பான 'ஒப்பரேஷன் ஜுப்பிட்டர்' நடவடிக்கையில் விராட் ஈடுபடுத்தப்பட்டது. மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய கப்பலின் பெயர்வாரிசு, வேறு பெயரில், வேறு கொடியின் கீழ், நம் அரசியலுக்குள் மீண்டும் வந்த கதை இது. 2017இல் ஓய்வுபெற்ற விராட், பின்னர் குஜராத்தின் அலங் கரையில் உடைக்கப்பட்டது.

தாக்கியவர்களின் பக்கத்திலும் இதே மரபுதான். 1942 ஏப்ரலில் இந்து சமுத்திரத்துக்கு வந்த ஜப்பானிய விமானந்தாங்கிகளில் அக்காகி, ஹிரியூ, சோரியூ ஆகிய மூன்றும் இரண்டு மாதங்களில் மிட்வே சமரில் மூழ்கின. 2009இல் ஜப்பான் புதிய நீர்மூழ்கி ஒன்றைச் சேவையில் சேர்த்தபோது அதற்குச் சோரியூ என்றே பெயர் வைத்தது.

இந்தப் பெயர்கள் அரசியலுக்கு வெளியே நிற்பதில்லை. பிரித்தானியாவின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் ஒன்றுக்கு 'அஜின்கோர்ட்' என்று பெயர் அறிவிக்கப்பட்டிருந்தது. அது 1415இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்த களம். 2025 ஜனவரியில் அந்தப் பெயர் 'அக்கிலிஸ்' என்று மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் பங்கெடுத்த அக்கிலிஸ் கப்பலைக் கௌரவிக்கவே இந்த மாற்றம் என்றது அரசு. நட்பு நாடான பிரான்ஸின் மனம் நோகாமலிருக்கவே மாற்றினார்கள் என்றனர் விமர்சகர்கள். அறுநூறு ஆண்டுகள் கடந்த தோல்வியும் ஒரு கப்பலின் உடலில் எழுதப்பட்டால் வலிக்கும் என்பதை இரு தரப்பும் ஏதோ ஒரு வகையில் ஒப்புக்கொண்ட கதை இது.

அமெரிக்காவில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைகள் வென்ற களத்தின் பெயரைச் சுமந்த 'சான்சலர்ஸ்வில்' கப்பல் 2023இல் 'ரொபர்ட் ஸ்மோல்ஸ்' ஆனது. ஸ்மோல்ஸ், 1862இல் தென்படைகளின் கப்பல் ஒன்றைக் கைப்பற்றித் தன் குடும்பத்தோடு விடுதலைக்கு ஓட்டிச் சென்ற அடிமை மனிதர். அப்போது கட்டப்படவிருந்த அணுசக்தி விமானந்தாங்கி ஒன்றுக்கு, பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது துணிந்து நின்ற கறுப்பினச் சமையற்கூடப் பணியாளரான டொரிஸ் மில்லரின் பெயர் 2020இல் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியதும் காற்றும் மாறியது. ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடிய ஹார்வி மில்க்கின் பெயர் 2025இல் ஓர் எண்ணெய் விநியோகக் கப்பலிலிருந்து நீக்கப்பட்டது.

ரஷ்யாவின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளில் ஒன்று 'இளவரசர் விளாடிமிர்'. அவர் ஆண்டது கீவ் நகரை. அந்த நகரம் இன்று உக்ரேனின் தலைநகரம். தங்களுடையவர் என்று இரு நாடுகளும் உரிமை கோரும் ஒருவரின் பெயரைத்தான் அந்த ஆயுதம் சுமக்கிறது.

நமது கடலின் பெயர்கள்

இலங்கைக் கடற்படையின் முதலாவது போர்க்கப்பல் பிரித்தானியா தந்த ஒரு கண்ணிவாரி. 'பிளையிங் ஃபிஷ்' என்ற அதன் பழைய பெயரை நீக்கி 'விஜய' என்று வைத்தார்கள். மகாவம்சத்தின் முதல் அரசனோடு கடற்படையின் கதையும் தொடங்கியது.

இன்று கடற்படையின் பெரிய கப்பல்களில் மூன்றைப் பாருங்கள். அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் 'ஷேர்மன்' இங்கே வந்து 2019இல் 'கஜபாகு' ஆனது. சீனா தந்த கப்பல் அதே ஆண்டில் 'பராக்கிரமபாகு' ஆனது. அமெரிக்காவின் 'டக்ளஸ் மன்றோ' 2022இல் 'விஜயபாகு' ஆனது. மன்றோ 1942இல் குவாடல்கனாலில் இறந்த ஒரு காவற்படை வீரர். கப்பலை இலங்கைக்குக் கொடுத்த அமெரிக்கா பெயரைக் கைவிடவில்லை. 2017இலேயே 'மன்றோ' என்ற பெயரில் புதிய கப்பல் ஒன்று அங்கே சேவைக்கு வந்துவிட்டது.

விஜயபாகு சோழரைப் பொலன்னறுவையிலிருந்து வெளியேற்றிய அரசன். பராக்கிரமபாகு பாண்டிய நாட்டுக்குப் படை அனுப்பியவன். கஜபாகு சோழ நாட்டுக்குப் போய்ச் சிறைப்பட்டோரை மீட்டு வந்ததாகச் சிங்கள மரபுக் கதைகள் சொல்கின்றன. மூன்று பெயர்களும் தமிழகத்தோடு மோதிய நினைவுகளையே சுமக்கின்றன. பெயர் வைத்தவர்கள் இதை எண்ணித்தான் வைத்தார்களா என்பது வேறு விடயம். வடக்கு, கிழக்கில் இருந்து பார்க்கும் ஒருவருக்குக் கண்ணில் படுவது இதுதான்.

ஆனாலும் கஜபாகு எங்களுக்கு அந்நியன் அல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் கோயில் எடுத்தபோது அங்கே வந்திருந்த இலங்கை வேந்தன் கயவாகு அவன்தான். கண்ணகி வழிபாட்டை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவன் அவனே என்பது மரபு. வைகாசியில் மட்டக்களப்பு ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும்போது, அந்தச் சடங்கின் அடியில் அவனும் இருக்கிறான். போர்க்கப்பலில் எழுதப்பட்ட அந்தப் பெயரில் அம்மன் கோயில் இல்லை, படையெடுப்பு மட்டுமே இருக்கிறது. பெயரைத் தேர்கிறவரே அதில் எந்த நினைவு மிஞ்சவேண்டும் என்பதையும் தேர்ந்துவிடுகிறார்.

கடற்படை முகாம்களிலும் இந்தக் கலவை உண்டு. காரைநகர் முகாமின் பெயர் 'எலார'. துட்டகைமுனுவோடு பொருதி மாண்ட எல்லாளனேதான். முல்லைத்தீவு வட்டுவாகலில் உள்ள முகாமின் பெயர் 'கோட்டாபய'. பண்டைய அநுராதபுர அரசன் ஒருவனின் பெயரும் அதுதான், 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரின் பெயரும் அதுதான். வட்டுவாகலில் நிலத்தை இழந்த ஒருவருக்கு எது முதலில் நினைவுக்கு வரும் என்று கேட்கத் தேவையில்லை. அந்த முகாமுக்காக 617 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க எடுக்கப்பட்ட முயற்சிகளை மக்கள் மறித்து நின்றதை நாம் செய்திகளில் தொடர்ந்து படித்தே வந்திருக்கிறோம். அந்த இடத்தின் பெயருக்குக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் வரவேண்டியிருக்கிறது.

பாக்குநீரிணையின் மறுபக்கத்தில், இந்திய அணுசக்தி நீர்மூழ்கிகளின் பெயர்கள் வடமொழி வழிப்பட்டவை. அரிஹந்த் என்றால் பகைவரை அழிப்பவன். 2009 ஜூலை 26இல், முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு மாதங்களில், விசாகப்பட்டினத்தில் அது நீரில் இறக்கப்பட்டது. ஆனால் அதன் அணு உலையின் முன்மாதிரி தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் இயக்கிப் பார்க்கப்பட்டது. ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் திருநெல்வேலி மாவட்டத்தின் விஜயநாராயணத்தில் இருக்கிறது. அந்த நிலையத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவரின் பெயரில், கண்ணுக்குத் தெரியாத கப்பல்களுக்கு இன்று செய்தி போகிறது.

செய்தி போகும், பதில் வராது

அணுசக்தி நீர்மூழ்கிக்கு எரிபொருள் கவலை கிடையாது. கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீர் எடுக்கிறது. அந்த நீரை மின்சாரத்தால் பிரித்து ஒட்சிசனும் எடுக்கிறது. மேலே வந்து மூச்சுவிட வேண்டிய தேவை இல்லை. கப்பல் எவ்வளவு நாள் கடலுக்கடியில் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு விடயங்கள்: உணவும் மனிதரும். பிரித்தானிய ஏவுகணை நீர்மூழ்கிகளின் பயணங்கள் அண்மைக் காலத்தில் ஆறு மாதங்களையும் கடந்து நீண்டிருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்டோர் அத்தனை நாளும் சூரியனைக் காண்பதில்லை. சில நீர்மூழ்கிகளில் படுக்கைகள் ஆட்களைவிடக் குறைவு. ஒருவர் காவலுக்கு எழும்ப, இன்னொருவர் அதே சூட்டில் போய்ப் படுக்கிறார்.

ஒலி எழுப்பினால் இருப்பிடம் தெரிந்துவிடும் என்பதால் கப்பல் கேட்கும், பேசாது. குடும்பத்தாரிடமிருந்து வாரத்துக்கு ஒரு தடவை, சுமார் 120 சொற்களுக்குள், ஒரு செய்தி போகும். அதை முதலில் அதிகாரிகள் படிப்பார்கள். பதில் அனுப்ப வழியில்லை. வீட்டில் மரணம் நிகழ்ந்தாலும், பயணம் முடியும்வரை அந்தச் செய்தி மாலுமியின் கைக்குப் போகாமல் நிறுத்திவைக்கப்படலாம். தகப்பன் இறந்து அடக்கமும் முடிந்தபின், கரையில் இறங்கும்போதுதான் மகன் அறிவான்.

மேற்பரப்பில் ஓடும் அணுசக்திக் கப்பல்களிலும் வாழ்க்கை இலகுவானதல்ல. நிமிட்ஸ் வகை விமானந்தாங்கி ஏறத்தாழ ஐயாயிரம் பேரைச் சுமக்கும் ஓர் இரும்பு ஊர். ஆயுளின் நடுவில் ஒரு தடவை அதன் உலைகளுக்குப் புதிய எரிபொருள் ஏற்றவேண்டும். அந்த வேலை பல ஆண்டுகள் இழுக்கும். ஜோர்ஜ் வொஷிங்டன் கப்பலுக்கு அந்த வேலை 2017 முதல் 2023 வரை நடந்தது. இரைச்சலும் தூசியும் நிறைந்த அந்தக் கட்டுமானத் தளத்துக்குள்ளேயே மாலுமிகள் சிலர் தங்கவைக்கப்பட்டிருந்தனர். 2022 ஏப்ரலில், ஒரு வார காலத்துக்குள், அக்கப்பலைச் சேர்ந்த மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அதன்பின் கடற்படை விசாரணை நடத்தியது, பலரைக் கப்பலிலிருந்து வேறிடங்களுக்கு மாற்றியது. முதல் ஜனாதிபதியின் பெயரைச் சுமந்த கப்பலில் இளம் மாலுமிகளின் பெயர்கள் கவனிக்கப்பட மரணங்கள் தேவைப்பட்டன.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். நீர்மூழ்கியில் போனவரின் வீட்டில் மாதக்கணக்கில் தொலைபேசி ஒலிக்காது. எங்கள் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளிலும் ஒலிக்கவில்லை. ஆனால் அங்கே ஓர் அலுவலகத்தில் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. யார் ஏறினார், எப்போது இறங்குவார் என்று ஒருவர் பொறுப்பெடுத்திருக்கிறார். அந்த மௌனத்துக்கு ஒரு பதிவேடு உண்டு, ஒரு முடிவுத் திகதியும் உண்டு.

குர்ஸ்க் கற்பித்த பாடம்

அந்தப் பதிவேட்டை அரசு மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் ரஷ்யாவின் குர்ஸ்க். 1943இன் பெருஞ்சமர் நடந்த நகரின் பெயரைச் சுமந்த அந்த அணுசக்தி நீர்மூழ்கி, 2000 ஓகஸ்ட் 12இல் பாரென்ட்ஸ் கடலில் வெடித்து மூழ்கியது. 118 பேரும் இறந்தனர். முதல் நாட்களில் கடற்படை உண்மையைச் சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்களின் பெயர்களையும் வெளியிடவில்லை. ஒரு வாரமளவில் 'கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா' பத்திரிகை, அதிகாரி ஒருவருக்கு 18,000 ரூபிள் கொடுத்துப் பெற்றதாகக் கூறிப் பட்டியலை அச்சிட்டது. தன் மகன் உள்ளே இருந்தானா என்று அறிய, தாய்மார் இலஞ்சம் கொடுத்து வாங்கப்பட்ட ஒரு பட்டியலைப் பார்க்கவேண்டியிருந்தது.

உறவினர்களைத் துணைப் பிரதமர் சந்தித்த கூட்டத்தில் எழுந்து நின்று கத்திய நடேஷ்டா தைலிக் என்ற தாய்க்குப் பின்னாலிருந்து மயக்க ஊசி போடப்பட்டது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிகள் உலகுக்குக் காட்டின. கேள்வி கேட்ட வாய் அடைக்கப்படுவதை நாம் எங்கெங்கோ பார்த்திருக்கிறோம். அதனால் அந்தப் படத்தைப் பார்க்க நமக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

சில மாதங்களின் பின் சுழியோடிகள் ஒன்பதாவது அறையிலிருந்து உடல்களை எடுத்தபோது, கப்டன் லெப்டினன்ட் டிமிட்ரி கொலெஸ்னிகோவின் சட்டைப்பையில் ஒரு குறிப்பு இருந்தது. வெடிப்புக்குப் பின் சில மணிநேரம் உயிரோடிருந்த 23 பேரின் பெயர்களை அவர் அதில் எழுதியிருந்தார். இருட்டில், காற்று முடிந்துகொண்டிருந்த வேளையில், ஒரு கடமை உணர்ந்த அதிகாரி செய்த வேலை பெயர்ப்பட்டியல் எடுப்பதுதான். கரையில் விளக்கொளியில் இருந்த அவரது மேலதிகாரிகள் அதைச் செய்யவில்லை.

நமது பட்டியல்

வட்டுவாகலுக்கு வருவோம். 2009 மே 18இல் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்போடு பலர் இராணுவத்திடம் சரணடைந்தது அங்கேதான். அவர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டதை உறவினர் கண்ணால் கண்டு சாட்சி சொல்லியிருக்கின்றனர். சரணடைந்தோரின் பட்டியல் இருப்பதாக முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றில் இராணுவ அதிகாரி ஒருவரே சாட்சியமளித்தார். பின்னர் கையளிக்கப்பட்டதோ புனர்வாழ்வு பெற்றோரின் பட்டியல். 2017 ஜூன் மாதத்தில் உறவுகளைச் சந்தித்த அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பட்டியலை வெளியிட நடவடிக்கை எடுப்பதாக உறுதியளித்தார். பட்டியல் வெளிவரவில்லை. அந்த இடத்தில் இன்று நிற்கும் முகாமுக்குப் பெயர் இருக்கிறது. அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் பெயர்களுக்கு அரசிடமிருந்து பதில் இல்லை.

கடற்படைக்கும் இதில் தனியான பொறுப்பு உண்டு. பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழு 2015 நவம்பரில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இரகசியத் தடுப்பறைகளைப் பார்வையிட்டது. மாலுமிகளுக்கு ஒவ்வொரு இரவும் ஆளெண்ணிக்கை எடுக்கும் ஒரு நிறுவனம், தன் வளவுக்குள் அடைக்கப்பட்டோரின் பெயர்கள் தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

மட்டக்களப்பில் நாம் இதைக் கற்றது 2009இல் அல்ல. 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். முகாமில் பெயர்கள் குறிக்கப்பட்டிருந்ததால்தான், அந்த எண்ணை எவராலும் இன்றுவரை கரைக்க முடியவில்லை. அதற்கு ஒரு மாதம் முன், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தபோது புலிகளால் கொல்லப்பட்டவர்களின் பெயர்களும் இந்தக் கரையின் பட்டியலே. நம் பக்கத்துப் பெயர்களை மட்டும் கேட்டால், கேட்கும் உரிமை பலவீனப்படும்.

அரசிடம் இல்லாத ஒன்றை நாம் கேட்கவில்லை. படைகள் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவை. மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய பிரித்தானிய மாலுமி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க அந்த நாட்டால் முடிகிறதென்றால், வட்டுவாகலில் உயிரோடு கையளிக்கப்பட்டவர்களைப் பெயர் சொல்லி அழைக்க இந்த நாட்டாலும் முடியும். ஊர் மட்டத்தில் நம் கையில் உள்ள வேலையும் ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு கிராமத்திலும் முழுப்பெயர், கடைசியாகக் கண்ட இடம், திகதி, கண்டவர் யார் என்பவற்றை இப்போதே எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைப்பது. தேடிய தாய்மாரும் தகப்பன்மாரும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். சாட்சியங்களும் அவர்களோடு போகின்றன. பட்டியலை அரசு என்றாவது வெளியிடும்போது, அது சரியானதா என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமும் ஒன்று இருக்கவேண்டும்.